"டர்ன் ஆஃப் இட்" ஏன் தப்பு? வால் வைத்த ஆங்கில வினைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் இருக்கும் பட்டர்வொர்த்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில், வேலைக்குப் போகிறவர்களுக்காக ஓர் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். பிறை தொழிற்சாலைகளில் லைன் லீடராக இருப்பவர்கள், கிளினிக் கவுண்டரில் உட்காருபவர்கள், கிராப் வாடகைக் கார் ஓட்டுபவர்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆசைப்படும் அம்மாக்கள் என்று பலரும் வருவார்கள். எங்கே தொடங்கினாலும் சந்தேகம் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "டர்ன் ஆஃப்", "பிக் அப்" மாதிரி வினைகளில் "இட்"டை எங்கே வைப்பது? கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருப்பது வேண்டுமென்றுதான். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பாதி சந்தேகம் காதிலேயே தீர்ந்துவிடும்.

1. டீச்சர், பிரேசல் வெர்ப்னா என்ன? ரெண்டு வார்த்தை சேர்ந்து வந்தாலே அதுவா?

வினைச்சொல்லோடு அப், ஆஃப், ஆன், அவுட், டவுன் மாதிரி ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு, இரண்டும் சேர்ந்து ஒரே வினையாக வேலை செய்தால் அது பிரேசல் வெர்ப். "கிவ்" என்றால் கொடு. "கிவ் அப்" என்றால் கொடுப்பதும் இல்லை, மேலே போவதும் இல்லை, விட்டுவிடுவது. நம்மிடமும் இது உண்டு. "அவன் படிப்பைக் கைவிட்டான்" என்கிறோம், அதில் கை எங்கே இருக்கிறது? நமக்கு ஒட்டுகிற சொல் முன்னால் வருகிறது, அவர்களுக்குப் பின்னால். வகுப்பில் அந்தக் குட்டிச் சொல்லுக்கு "வால்" என்று பெயர் வைத்திருக்கிறோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

சேர்ந்து வந்தால் மட்டும் போதாது. "கோ டு த மார்க்கெட்" என்பதில் "கோ" வெறும் போவது, "டு" போகிற திசை. அங்கே வால் எதுவும் இல்லை.

2. செயப்படுபொருள் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தமிழ்ப்பள்ளியில படிச்சது மறந்துபோச்சு.

வினையிடம் "எதை?", "யாரை?" என்று கேளுங்கள். எதை அணைத்தான்? ஃபேனை. ஃபேன்தான் செயப்படுபொருள். தமிழில் "ஐ" உருபு ஒட்டியிருப்பதால் "ஃபேனை அணை" என்றாலும் "அணை அந்த ஃபேனை" என்றாலும் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் அந்த "ஐ" கிடையாது. எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அடையாளம் தெரியும். அதனால்தான் இடத்தைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

"த பஸ் ப்ரோக் டவுன்" என்பதில் "எதை?" என்று கேட்டால் பதில் வராது. தமிழ்ப்பள்ளியில் செயப்படுபொருள் குன்றிய வினை என்று படித்தோமே, அதுதான். இந்தக் கூட்டத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

3. "டர்ன் ஆஃப் த ஃபேன்" சரியா, "டர்ன் த ஃபேன் ஆஃப்" சரியா?

இரண்டும் சரி. பொருளிலும் வித்தியாசமில்லை.

4. அப்போ "டர்ன் ஆஃப் இட்" மட்டும் ஏன் தப்பு? இதுவும் அதே மாதிரிதானே?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். "மீ, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம்" ஆகிய சுட்டுப்பெயர்கள், பிரியக்கூடிய வினையில் (அதாவது, தனக்கும் வாலுக்கும் இடையே வேறு சொல் வர இடம் கொடுக்கும் வினையில்) நடுவில்தான் உட்காரும். "டர்ன் இட் ஆஃப்", "பிக் மீ அப்", "த்ரோ தெம் அவே". விதி இவ்வளவுதான். ஆனால் விதியை மட்டும் சொன்னால் அடுத்த வாரமே மறந்துவிடுகிறார்கள், அதனால் காரணத்தையும் சொல்கிறேன்.

எங்கள் வகுப்பு நடக்கும் மண்டபத்தில் ஒரு பழைய சீலிங் ஃபேன் இருக்கிறது. மூன்றாம் எண்ணில் வைத்தால் கடகடவென்று ஆடும். ஒருநாள் பாடத்தின் நடுவே அதைக் காட்டி "டர்ன் ஆஃப் த ஃபேன்" என்றேன். அதுவரை ஃபேனைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆகவே ஃபேன் புதுச் செய்தி, கடைசியில் வந்தது. முன்வரிசையில் இருந்த அக்கா எழுந்து சுவிட்சில் கைவைத்துவிட்டு, தமிழில் "அணைச்சிடவா?" என்று கேட்டார். கவனியுங்கள், "ஃபேனை"யும் இல்லை, "அதை"யும் இல்லை. தெரிந்த பொருளைத் தமிழ் அப்படியே விழுங்கிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு விழுங்கத் தெரியாது, எதையாவது சொல்லியே ஆக வேண்டும். அதனால் ஒரு சின்ன "இட்"டைப் போட்டு, யார் கண்ணிலும் படாத இடத்தில், வினைக்கும் வாலுக்கும் நடுவில், அழுத்தம் கொடுக்காமல் ஒளித்துவைக்கிறது: "ஷல் ஐ டர்ன் இட் ஆஃப்?" ஆங்கில வாக்கியத்தின் கடைசி இடம் புதுச் செய்திக்கு. "இட்" பழைய செய்தி. பழையதைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தால், பரிமாறி முடித்த இலையில் மறுபடியும் உப்பு வைத்த மாதிரி இருக்கும்.

5. ஆளோட பேரைச் சொன்னா? நான் கிராப் ஓட்டுறேன், தினமும் இதுதான் பிரச்சினை.

பெயர், பெயர்ச்சொல் மாதிரிதான் நடக்கும். "பிக் அப் முத்து", "பிக் முத்து அப்" இரண்டும் சரி. "ஹிம்" என்று மாறிய நிமிடமே 4இல் சொன்னதுதான்: "பிக் ஹிம் அப்".

கிராப் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. "ஐ சென்ட் யூ டு பினாங்கு சென்ட்ரல்" என்று நாம் சொல்வது மலாய் "ஹந்தார்" (அனுப்பு, கொண்டுபோய் விடு) என்பதிலிருந்து வந்தது. இங்கே எல்லாருக்கும் புரியும். வெளிநாட்டுப் பயணிக்கு, நீங்கள் வராமல் அவரை மட்டும் அனுப்பிவைப்பது போலக் கேட்கும். "ஐ வில் டிராப் யூ ஆஃப் அட் பினாங்கு சென்ட்ரல்" என்பது பழகினால் நல்லது. "யூ" நடுவில் இருப்பதைப் பார்த்தீர்களா?

6. அப்போ எல்லாத்துலயும் நடுவுல போட்டுட்டா சேஃப்தானே? "ஐ லுக் ஹெர் ஆஃப்டர்"னு சொல்லலாமா?

கூடாது. இது அடுத்த கூட்டம், பிரியாத வினைகள். "லுக் ஆஃப்டர்" கவனித்துக்கொள், "லுக் ஃபார்" தேடு, "லுக் இன்டு" விசாரி, "ரன் இன்டு" தற்செயலாகச் சந்தி, "கம் அக்ராஸ்" கண்ணில் படு, "டீல் வித்" சமாளி. இவற்றில் பெயரானாலும் "ஹெர்" ஆனாலும் வாலுக்குப் பின்னால்தான்: "ஐ லுக் ஆஃப்டர் மை மதர்", "ஐ லுக் ஆஃப்டர் ஹெர்".

இந்த வால்கள் உண்மையில் வினையின் சொந்தக்காரர்கள் இல்லை, பெயரின் சொந்தக்காரர்கள். நம் வேற்றுமை உருபு மாதிரி. "அம்மாவுக்காக" என்பதில் "அம்மா"வுக்கும் "க்காக"வுக்கும் நடுவே வேறொரு சொல்லை நுழைக்க முடியுமா? நம் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், அவர்களுடையது முன்னால் நிற்கும். "ஆஃப்டர் ஹெர்" ஒரே கட்டு, அதை அவிழ்க்க முடியாது. "டர்ன் ஆஃப்" என்பதில் "ஆஃப்" வினையின் பக்கம். அதனால் நடுவில் ஒருவர் உட்கார இடம் கொடுக்கிறது.

7. எது பிரியும், எது பிரியாதுன்னு எப்படித் தெரியும்? மனப்பாடம்தானா?

கொஞ்சம் மனப்பாடம், கொஞ்சம் தந்திரம். முதலில் வாலைப் பாருங்கள். "ஃபார், அட், வித், இன்டு, ஆஃப்டர், ஃப்ரம்" பிரியாது. "அவே, பேக், அவுட், டவுன்" வந்து, செயப்படுபொருளும் இருந்தால் பெரும்பாலும் பிரியும். "அப்", "ஆஃப்" இரண்டும் அநேகமாக அந்தப் பக்கம்தான். "ஆன், ஓவர், த்ரூ" இரண்டு பக்கமும் ஆடும், அவற்றுக்கு அடுத்த கேள்வியில் வருகிறேன்.

அப்புறம் காது. "டர்ன் இட் ஆஃப்" என்று ஆங்கிலேயர் சொல்லும்போது "ஆஃப்" மேல் நன்றாக அழுத்தம் விழும். "லுக் அட் இட்" என்பதில் "லுக்" மேல் விழும், "அட்" மெலிந்து போகும். ஓரசை வால்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. "ஆஃப்டர்", "ஓவர்" மாதிரி ஈரசை வால்களில் ஏமாற்றும். இரண்டும் கைகொடுக்காவிட்டால் மாணவர்களுக்கான அகராதியைத் திறங்கள். லாங்மேன் அகராதியில் பிரியும் வினைக்கு நடுவே இருபக்க அம்புக்குறி போட்டிருப்பார்கள். பட்டியலைத் தனியாக எழுதி மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. "டர்ன் ஆஃப்" என்று எழுதாமல் "டர்ன் இட் ஆஃப்" என்றே நோட்டில் எழுதுங்கள், "லுக் ஆஃப்டர் ஹெர்" என்றே எழுதுங்கள். பிரியுமா பிரியாதா என்பது அதிலேயே பதிந்துவிடும்.

8. ஒரே வார்த்தை சில சமயம் பிரியுது, சில சமயம் பிரியல. நீங்களே மாத்தி மாத்திச் சொல்றீங்க!

நான் மாற்றவில்லை, பொருள் மாறுகிறது. "டர்ன் த ஃபேன் ஆன்" பிரியும். "த டாக் டர்ன்ட் ஆன் மீ" என்றால் நாய் திடீரென்று என் மேல் பாய்ந்தது. இங்கே "ஆன் மீ" ஒரே கட்டு, பிரியாது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் 6இல் சொன்ன இரண்டு கூட்டத்தையும் சேர்ந்தவை.

எனக்குப் பிடித்த ஜோடி இது: "ஹி ரான் அப் பினாங்கு ஹில்", "ஹி ரான் அப் எ பில்". முதலாமவர் மலை ஏறி ஓடினார் (833 மீட்டர், பாவம்). இரண்டாமவர் கடையில் கடன் ஏற்றிக்கொண்டார். சுட்டுப்பெயர் போட்டுப் பாருங்கள். மலை என்றால் "ஹி ரான் அப் இட்", கடன் என்றால் "ஹி ரான் இட் அப்". "இட்" எங்கே போய் உட்காருகிறது என்பதே ஒரு சோதனை.

"சீ த்ரூ" என்பதையும் பாருங்கள். "ஐ சா த்ரூ ஹிம்" என்றால் அவன் வேஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. "சீ ஹிம் த்ரூ" என்றால் அவன் கஷ்டத்தைக் கடக்கும்வரை தாங்குவது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது வேலையில்லாமல் வீட்டில் இருந்த ஒரு மாணவர், பின்னாளில் வகுப்பில் சொன்ன வாக்கியம்: "மை வைஃப்ஸ் சேவிங்ஸ் சா அஸ் த்ரூ." பிழையே இல்லை. "அஸ்" நடுவில்.

9. ஆஃபிஸ்ல எல்லாரும் "ஆஃப் த லைட்", "ஓப்பன் த லைட்"னுதான் சொல்றாங்க. அது தப்பா?

இங்கே பேசிக்கொள்வதற்குத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். மலாயில் "பூக்கா லம்பு", சீனத்திலும் விளக்கைத் "திற" என்றுதான் சொல்வார்கள். மூன்று மொழிக்காரர்கள் ஒரே மேஜையில் சாப்பிடும் ஊரில் இப்படித்தான் நடக்கும். "ஆஃப் த லைட்" என்பதில் நாம் வினையைத் தூக்கிவிட்டு வாலையே வினையாக்கிவிட்டோம். ஆனால் நேர்முகத் தேர்விலும் மின்னஞ்சலிலும் "டர்ன் ஆஃப்" அல்லது "ஸ்விட்ச் ஆஃப்". இரண்டு சட்டை வைத்திருங்கள், வீட்டுக்கு ஒன்று, வெளியே ஒன்று.

10. "பாஸ் அப் யுவர் புக்ஸ்"னு ஸ்கூல்ல டீச்சரே சொன்னாங்களே, அதுகூடவா?

நானும் அப்படித்தான் படித்தேன், அடியும் வாங்கினேன். பல வருடங்களுக்கு முன், ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்தபோது, இங்கிலாந்திலிருந்து ஒருவர் போனில், புதிய லைனுக்கான திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டார். "வி பாஸ்ட் இட் அப் லாஸ்ட் வீக்" என்றேன். போனவாரமே ஒப்படைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு. அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, மிகவும் மரியாதையாக, ஏன் என்று கேட்டார். அவருடைய ஆங்கிலத்தில் "பாஸ் அப்" என்றால் கிடைத்த வாய்ப்பை வேண்டாம் என்று விட்டுவிடுவது. ஒப்படைப்பதற்கு "ஹேண்ட் இன்". "வி ஹேண்டட் இட் இன்" என்றிருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் "இட்"டைச் சரியான இடத்தில்தான் வைத்திருந்தேன்!

11. ஃபார்ம், "ஃபில் அப்"பா, "ஃபில் இன்"னா, "ஃபில் அவுட்"டா?

பிரிட்டிஷ் வழக்கில் "ஃபில் இன்", அமெரிக்க வழக்கில் "ஃபில் அவுட்". "ஃபில் அப்" நம் ஊரில் ஓடுகிறது, ஆனால் அதைப் பெட்ரோல் டாங்கிக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்றும் பிரியும்.

12. "புட் அப் வித்" மாதிரி மூணு வார்த்தை வந்தா "இட்" எங்கே போகும்?

கடைசியில். இரட்டை வாலில் இரண்டாவது வால் எப்போதும் 6இல் சொன்ன பிரியாத கூட்டம்: "புட் அப் வித் ஹிம்", "கேட்ச் அப் வித் தெம்", "வி ஹாவ் ரன் அவுட் ஆவ் ரைஸ்". இதில் "லுக் ஃபார்வர்ட் டு" தனியாகக் கவனிக்க வேண்டியது. அந்த "டு" ஒரு வால், அதனால் பின்னால் பெயர் மாதிரி ஒன்று வர வேண்டும்: "லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ". "டு மீட் யூ" என்று வேலை விண்ணப்பத்தில் எழுதாதவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை, நான் உட்பட.

சில இரட்டை வால்களுக்கு இரண்டு செயப்படுபொருள் உண்டு. ஒன்று நடுவில், மற்றொன்று கடைசியில். "டோன்ட் டேக் இட் அவுட் ஆன் மீ": உன் கோபத்தை என் மேல் காட்டாதே. கோபம் "இட்", நான் "மீ". "கெட் இட் ஓவர் வித்" இன்னும் விசித்திரம், பல் பிடுங்கப் போகிறவர் சொல்வது: சீக்கிரம் முடித்துத் தொலை. அதில் "வித்"துக்குப் பிறகு ஒன்றுமே வராது.

13. நீளமா ஒரு பொருளைச் சொல்லணும்னா நடுவுல அடைக்கலாமா?

அடைக்க வேண்டாம். ஒரு லைன் லீடர் தன் ஆட்களுக்கு அனுப்பிய செய்தி: "பிளீஸ் புட் த பாக்ஸஸ் தட் கேம் ஃப்ரம் த பாயான் லெப்பாஸ் வேர்ஹவுஸ் யெஸ்டர்டே ஈவ்னிங் அவே." பெட்டிகளை எடுத்து உள்ளே வைக்கச் சொல்கிறார். "அவே" வந்து சேர்வதற்குள் "புட்" யாருக்கு ஞாபகம் இருக்கும்? "பிளீஸ் புட் அவே த பாக்ஸஸ் தட் கேம்..." என்று வாலை முதலில் கொடுத்துவிட வேண்டும். 4இல் பார்த்த அதே கணக்குதான்: லேசானது, தெரிந்தது நடுவில், கனமானது, புதியது கடைசியில். சின்னப் பெயர்ச்சொல் இரண்டுக்கும் இடைப்பட்டது, அதனால்தான் 3இல் இரண்டும் சரி என்றேன்.

14. கேள்வி கேட்கும்போது, இல்ல "செய்யப்பட்டது"ன்னு சொல்லும்போது, வால் என்ன ஆகும்?

செயப்படுபொருள் முன்னால் ஓடிவிடும், வால் இருந்த இடத்திலேயே நிற்கும். "விச் லைட் டிட் யூ டர்ன் ஆஃப்?" "வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்?" செயப்பாட்டுவினையிலும் அப்படியே: "த மீட்டிங் வாஸ் புட் ஆஃப்." பின்னால் ஒன்றும் இல்லையே என்று வாலை வெட்டிவிடுகிறோம், அதுதான் தவறு. "த பேபி வாஸ் லுக்ட் பை ஹிஸ் கிராண்ட்மதர்" என்றால் பாட்டி பேரனை வெறுமனே பார்த்தாள் என்றுகூட ஆகாது. "வாஸ் லுக்ட் ஆஃப்டர் பை ஹிஸ் கிராண்ட்மதர்" என்று வால் இருந்தால்தான் பிள்ளை பாட்டி வளர்ப்பு.

15. "டிஸ்கஸ் அபவுட்", "கோப் அப் வித்", "ரிட்டர்ன் பேக்", இதெல்லாம் பிரேசல் வெர்ப்தானே?

இல்லை, தேவையில்லாத வால்கள். "டிஸ்கஸ் த பிராப்ளம்", "கோப் வித் த பிராப்ளம்", "ரிட்டர்ன் த புக்" போதும். தமிழில் "அதைப் பற்றிப் பேசு" என்று நினைத்துவிட்டு "அபவுட்" போடுகிறோம் என்பது என் ஊகம்.

16. வாலே வேண்டாம். "புட் ஆஃப்"புக்குப் பதிலா "போஸ்ட்போன்", "புட் அப் வித்"துக்குப் பதிலா "டாலரேட்"னு சொல்லிட்டுப் போனா என்ன?

எழுத்தில் தாராளமாகப் போகலாம். அலுவலகக் கடிதத்துக்கு "போஸ்ட்போன்" நன்றாகவே இருக்கும். பேச்சில் எந்நேரமும் அப்படிச் சொன்னால், சாப்பாட்டுக் கடையில் செந்தமிழில் ஆர்டர் கொடுத்த மாதிரி இருக்கும். 2021 முதல், மலேசியாவில் ஐந்தாம் படிவ மாணவர்கள் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கில எழுத்துத் தாளின் முதல் பகுதியில் சுமார் 80 சொல்லில் ஒரு சிறு மின்னஞ்சல் எழுதச் சொல்கிறார்கள். நண்பருக்கு எழுதுகிற கடிதத்தில் வால் வினைகள்தான் இயல்பாக இருக்கும்.

நமக்கு மட்டும் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் குட்டிச் சொல் சேர்த்துப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டவரை மிகவும் திண்டாட வைக்கிறது என்று எழுதிவைத்திருக்கிறார்.

17. டீச்சர், ஒரு வெள்ளைக்காரப் பயணி "கேன் யூ பிக் அப் மீ அண்ட் மை மதர்?"னு மெசேஜ் அனுப்பினார். நாலாவது கேள்வியில தப்புன்னு சொன்னீங்களே!

5இல் கேட்ட அதே கிராப் அண்ணன், போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தார், என்னை மடக்கிவிட்ட சந்தோஷத்தோடு. அந்தப் பயணி எழுதியது யார் காதையும் உறுத்தாது. ஏனென்றால் அங்கே செயப்படுபொருள் "மீ" மட்டும் இல்லை. "மீ அண்ட் மை மதர்" மொத்தமும். அதில் "மை மதர்" ஓட்டுநருக்குப் புதிய தகவல், காரில் இன்னொருவருக்கு இடம் வேண்டும். 13இல் பார்த்தபடி கனம் கூடிவிட்டது, கடைசிக்குப் போகலாம். "பிக் மீ அண்ட் மை மதர் அப்" என்று நடுவில் வைத்தாலும் சரிதான். அம்மா வராமல் அவர் மட்டும் தனியாக வந்திருந்தால், அவரும் "பிக் மீ அப்" என்றுதான் அனுப்பியிருப்பார்.